ராமலட்சுமி அக்காவும் குழி தோண்டாத செட்டும்

செய்தி எனக்கு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. தறிக்குப் பல்சக்கரம் ஒன்று வாங்கிக்கொண்டு ஊர் திரும்பக் காத்திருந்தேன். சங்கரன்கோவிலிலிருந்து வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டர் டீக்கடைக்காரரிடம் ஆடி மாத மேல்காற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மேகாத்து இன்னைக்குப் பேயா அடிக்கு அண்ணாச்சி. எங்க சங்கரன்கோவிலுக்கு வெளிய புதுசா ஒரு தகர செட்டு போட்டிருந்தாங்க. மொத்தமாச் சாஞ்சிட்டு. உள்ள ஒரு பொம்பளை."

"உசுரு இருக்கா?"

கண்டக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டு டீயை வாங்கிக்கொண்டார்.

ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட தகர செட் ஒன்றுதான். அது எங்களுடையது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அங்கே வேலை பார்க்கும் பெண்களை ஒவ்வொருவராக நினைத்து, இவளாக இருக்கக் கூடாது, இவளாக இருக்கக் கூடாது என்று வந்தேன். கரிவலம்வந்தநல்லூர் தாண்டும்போது ராமலட்சுமி அக்காவின் முகம் வந்தது. அவராக இருக்காது என்று அந்த முகத்தை மட்டும் சுலபமாகத் தள்ளிவிட்டேன். காற்று வந்து சாய்த்துவிடக்கூடிய ஆளாக அவரை நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய குரலாகத்தான் இருக்கும். சிறு வயது முதல் தறிச் சத்தத்துக்குள் தார் சுற்றியவர். நூல் கண்டுகளைத் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்கு ஏற்றபடி சுற்றிக் கொடுக்கும் அந்த வேலையில் கத்தினால்தான் பக்கத்திலிருப்பவருக்குக் கேட்கும். அதே குரலில்தான் ஆஸ்பத்திரியில் மாத்திரை கேட்பார், ரேஷன் கடையில் சீனி கேட்பார். "கொஞ்சம் மெல்லப் பேசுங்கக்கா" என்று ஒருமுறை சொன்னேன். "மெல்லப் பேசுனா நம்மள எவம்ல திரும்பிப் பாக்கான்?" என்றார்.

முதலாளியின் தறிக்கூடத்தில் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் சிலர் சேர்ந்து இரண்டு பழைய தறிகளை வாங்கினோம். கூலிக்காரனுக்குச் சொந்தத் தறி என்றால் முதலாளிக்குப் பொறுக்குமா? அவற்றைப் போட வாடகைக்கு இடம் விட்டிருந்தவர், முதலாளியின் பேச்சைக் கேட்டு, ஆனி முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். தறிகளுக்கு அவசரமாக ஒரு கூரை வேண்டியிருந்தது. நாங்களே கட்டுவதா, மதுரைப் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்த செட்டை வாங்கி மாட்டுவதா என்று கூட்டம் போட்டோம்.

எங்களில் மூத்தவர் கோமதிநாயகம் அண்ணாச்சி. தறி மெக்கானிக். கட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. "செங்கல் வச்சி, பனங்கை போட்டு, ஓடு மேஞ்சா நம்ம பேரப்பிள்ளைய காலம் வரைக்கும் நிக்கும் வே. தகரத்துக்கடியில வெந்து சாகணுமா?" அவர் சொன்னதில் தப்பில்லை. ஆண்கள் எல்லாரும் தலையாட்டினோம்.

அக்கா எழுந்தார். "கட்டலாம் அண்ணாச்சி. மண்ணு சுமக்கது யாரு? தண்ணி சுமக்கது யாரு? நீங்க கொத்தனாரு பக்கத்துல நின்னு பீடி குடிப்பிய. நாங்க தாரும் சுத்தி, சாந்துச் சட்டியும் தூக்கணும். அதுக்குக் கூலியும் கிடையாது, சொந்த வேலைன்னு சொல்லிருவிய."

சிரிப்பு எழுந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. "அந்த மதுரைக்காரன் நாம சொன்னபடி செய்வானா?" என்று கேட்டார். செய்வான் என்றேன். "அப்ப கக்கூஸும் சேத்துச் சொல்லுல."

முதலாளியின் கூடத்தில் பெண்களுக்கு அந்த வசதி கிடையாது. கருவேலங்காட்டுக்குள் இரண்டு பேராகச் சேர்ந்து போய்வர வேண்டும். அப்படிப் போனால் அந்த நேரத்துக்குக் கூலியில் பிடிப்பு. அதற்குப் பயந்தே பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்பில் துடித்த பெண்களை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பியிருக்கிறோம். "நாமளே கட்டுனா அது பெறவு, பெறவுன்னு கடைசி வரைக்கும் வராது. லாரியில வந்து எறங்கிட்டா எவனும் பெறவுன்னு சொல்ல முடியாதுல்லா" என்றார் அக்கா. செய்த செட் வாங்குவதென்று முடிவானது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

செட்டும் கக்கூஸும் வந்து இறங்கியபோது ஆடி பிறந்திருந்தது. கோளாறு அங்கே தொடங்கியது. ஒவ்வொரு தூணுக்கும் ஆழமாகக் குழி தோண்டி கான்கிரீட் போட வேண்டும் என்றார் பட்டறை ஆள். அண்ணாச்சி கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். "ஆடியில வானம் தோண்டக் கூடாது. லட்சுமி இருக்க வேண்டிய எடம் வே." எங்கள் பக்கத்தில் அஸ்திவாரத்துக்குத் தோண்டுவதை வானம் தோண்டுவது என்றுதான் சொல்வோம். பிறகு அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். இது கட்டடமே இல்லையாம். கட்டில், பீரோ மாதிரி ஒரு சாமானாம். சாமானைத் தரையில் வைப்பதற்கு வானம் எதற்கு? கல்லைப் போட்டு அதன்மேல் தூணை நிறுத்துவது, ஆவணி பிறந்ததும் தோண்டிக்கொள்வது.

"மேகாத்து ஆவணி வரைக்கும் காத்துக்கிட்டு நிக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டார் அக்கா.

"ஏட்டி, எல்லாத்துலயும் வெளையாடாத" என்றார் அவர். மற்ற ஆண்கள் அவர் பக்கம். பட்டறை ஆளுக்குத் திரும்பிப் போகும் அவசரம். "ஆவணியில மறக்காமப் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார். குழியில்லாமல் அது நிற்காது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் ஏறினார்.

மறுநாள் காலை அக்கா இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு கடப்பாரையோடு வந்தார். அண்ணாச்சி தடுக்க ஓடினார். "பதறாதிய. உங்க தூணத் தொடல. கக்கூஸுக்கு வானம் தோண்டவும் நாள் பாக்கணுமா? அங்கன எந்த லட்சுமி வந்து உக்காரப் போறா?" அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பெண்களும் சரளை மண்ணைக் குத்திப் பெயர்த்து, கக்கூஸின் கால்களைப் புதைத்து, கல்லும் சிமெண்டும் இறுக்கினார்கள். நாங்கள் வேடிக்கை பார்த்தோம்.

விழுந்த அன்று நடந்ததை அங்கே இருந்தவர்கள் சொல்லக் கேட்டு எழுதுகிறேன். மத்தியானம் காற்று கூடியதும் தகரங்கள் அடிக்கத் தொடங்கின. எல்லாரும் வெளியே ஓடினார்கள். அக்காவும் ஓடி வந்துவிட்டார். மெயின் சுவிட்சை யாரும் அணைக்கவில்லை என்று வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. கரண்டு வயர் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்து ஓடுகிறது. செட் சாய்ந்து வயர் அறுந்தால், பக்கத்தில் கும்பலாக நின்ற அத்தனை பேர் கதியும் என்ன? "ஏ, தள்ளிப் போங்கடி!" என்று கத்திக்கொண்டே உள்ளே போனார். சுவிட்சை அணைத்திருக்கிறார். திரும்பும்போது தூண்கள் கல்லைவிட்டு வழுக்கிவிட்டன.

நான் போய்ச் சேர்ந்தபோது உடலை எடுத்துப் போயிருந்தார்கள். கண்ணெதிரில் நெளிந்த தகரமும், மடங்கிய இரும்பும், அவற்றுக்கடியில் இரண்டு தறிகளும். அவற்றுக்கு அப்பால் பெண்கள் நட்ட அந்தத் தகரக் கக்கூஸ் மட்டும் நேராக நின்றது. காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அதன் கதவு மூடி மூடித் திறந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு பயங்கரமான காட்சியை நான் பார்த்ததில்லை.

சுடுகாட்டில் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஆடியில தொடங்கினோம்லா வே. பலி வாங்கிட்டு." அழுதுகொண்டுதான் சொன்னார். அது எனக்குத் தெரியும். ஆனாலும் கையை உதறினேன். "ஆடி வாங்கல அண்ணாச்சி. குழி தோண்டாததுதான் வாங்கிட்டு" என்றேன். சுற்றி நின்றவர்கள் சுடுகாட்டில் பேசுகிற பேச்சா இது என்றார்கள். வேறு எங்கே பேசுவது? இப்போதே ஊரில், ஆடியில் அடங்காமல் ஆடிய பொம்பளை என்று அவரைப் பற்றிப் பேச்சு. இன்னும் ஒரு மாதம் போனால் அதுவே உண்மையாகிவிடும். மேகாற்று வருடம் தவறாமல் வருகிறது, ஊர் முழுக்க அறிந்த காற்று. அதன் எதிரில் ஒரு செட்டைக் கல்மேல் நிறுத்திவிட்டு, நாங்கள் மாதத்தைப் பார்த்துப் பயந்தோம்.

முதலாளி ஆள் அனுப்பியிருக்கிறார். பழையபடி கூலிக்கு வரலாமாம், தறிகளை அவரே எடுத்துக்கொள்வாராம். ஆவணி வரை பொறுத்து முடிவு செய்யலாம் என்கிறார்கள் ஆண்கள் சிலர். ஆவணிக்குள் அடுப்பு எரியாமல் ஒவ்வொருவராக அவர் கூடத்துக்குத் திரும்பிவிடுவோம் என்பது எல்லாருக்கும் தெரியும். தார் சுற்றும் பெண்கள் நேற்று என்னிடம் வந்தார்கள். திரும்பிப் போக மாட்டோம் என்றார்கள். தறிகள் நசுங்கவில்லை, சட்டத்தில் பாதிக்கு மேல் நிமிர்த்தி எடுக்கலாம்.

அக்காவிடமிருந்து அமைதியான எதையும் என்னால் எடுத்துக்கொள்ள முடியாது. அவரிடம் அது இருந்ததில்லை. 'பெறவு' என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு உடம்பெல்லாம் ஏறுமே ஒரு கோபம், அதைத்தான் நான் எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை செட் விழுந்த இடத்தில் தூண்களுக்குக் குழி தோண்டுகிறோம். அப்போதும் ஆடிதான் நடக்கும். அவரை அறிந்தவர்கள் மாலை கொண்டுவர வேண்டாம். மண்வெட்டி இருந்தால் கொண்டு வாருங்கள்.