மாடிக்கென்று விட்ட கம்பி

பாளையங்கோட்டையில் வாடகைக்கு இருக்கும் எங்களுக்குச் சீவலப்பேரியில் மூன்று சென்ட் மனை உண்டு. வீட்டுக் கடன் கிடைத்ததும் வேலையை ஆரம்பித்தோம். ஒரு தளத்துக்குத்தான் கணக்கு. அஸ்திவாரம் தோண்டும்போது எனக்கு ஆசை பெருகிவிட்டது.

"ரெண்டு பயலுவ இருக்கானுவ அண்ணாச்சி. நாளைக்கு மாடி எடுக்கணும்லா? அதுக்குத் தக்கன போடுங்க" என்றேன் கொத்தனாரிடம்.

"முதல்ல கீழ்வீட்டை முடிங்கம்மா. பணம் பூராவும் மண்ணுக்குள்ள போயிரும்" என்றார். என் கணவரும் அதையே சொன்னார். நான் கேட்கவில்லை.

ஆழமான குழி, தடித்த தூண், கனத்த கம்பி. சுவர் எழும்பும்போதே கையிருப்பும் நகையும் தீர்ந்தன. மேலே கான்கிரீட் போட்டால்தான் அடுத்த தவணை என்றார்கள் வங்கியில். அந்தத் தவணை வந்தால்தான் எங்களால் கான்கிரீட் போட முடியும்.

இரண்டு வருடமாக வாடகையும் வட்டியும் சேர்த்துக் கட்டுகிறோம். கோயம்புத்தூரில் வேலைக்குப் போன மூத்தவன், "அதை வித்துத் தொலைங்கம்மா" என்கிறான். கூரையில்லாத சுவரை யார் வாங்குவார்?

வீடு கட்டப்போகிறோம் என்று யார் சொன்னாலும், "மாடியை மறந்துருங்க" என்கிறேன். ஆனால் மழை இருட்டினால் பஸ் ஏறிப்போய், தூண்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருப்பிடிக்காமல் பிளாஸ்டிக் பை கட்டிவிட்டு வருகிறேன். கீழே, சமையலறைக்கென்று விட்ட இடத்தில் எருக்கு என் இடுப்பளவு நிற்கிறது.