காடு வெட்டின நிலத்துப் பேர்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான். நான். என் தங்கச்சி. தங்கச்சி மகள், எட்டு வயசு. பக்கத்து வீட்டுச் சிட்டி, நகராட்சி ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி. இங்கிலாந்திலிருந்து வந்த வயசான வெள்ளைக்காரர், மடியில் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம்.

ஐந்து பேர். பேச்சு முழுக்க ஆறாவது ஆளைப் பற்றி. அவர் செத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது.

மலாக்காவில், காஜா பேராங்கில் பலகை வீடு எங்களது. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். தெருவில் கட்டின காகிதக் கொடிகளை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை, மழையில் நனைந்து சாயம் இறங்கியிருந்தது. நான் அப்போது டாக்சி ஓட்டினேன். அதற்கு முன்னால் புக்கிட் கட்டில் என்ற ஊரைத் தாண்டி ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வெள்ளைக்காரச் சின்னத் துரைக்கு டிரைவர். அந்தச் சின்னத் துரைதான் நான் சொன்ன ஆறாவது ஆள்.

அவருடைய குடும்பப் பேர் எங்கள் வாயில் நுழையாது. நீளம். முன்பாதி சட்டி என்பது மாதிரி கேட்கும். பின்பாதியை நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துச் சொல்ல வேண்டும். யாருக்கு நேரம்? சட்டித் துரை என்றுதான் தோட்டத்தில் சொன்னார்கள். அவருக்கும் தெரியும். சிரித்துக்கொள்வார்.

என் தங்கச்சி அவர் பங்களாவில் சமையல். அப்புறம் என்ன நடந்தது என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் அவளை ஏமாற்றவில்லை. அதை எழுதியே ஆக வேண்டும். காஜா பேராங்கில் வீடு பிடித்துக் கொடுத்தார். கோயிலில் தாலி கட்டினார். சனிக்கிழமை வருவார். என்னை மச்சான் என்று கூப்பிடப் பார்ப்பார். எனக்குப் பிடிக்காது. காடியை, காரைத்தான் அப்படிச் சொல்வோம், துடைக்கப் போய்விடுவேன்.

பிள்ளை பிறந்த வாரம் அவர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். படுத்தபடியே ஒரு தாளில் நீல மையில் எழுதி என்னிடம் கொடுத்தார். இந்தப் பிள்ளை என் பிள்ளை, என் குடும்பப் பேரை வைக்க வேண்டும் என்று இங்கிலீஷில் எழுதியிருப்பதாகச் சொன்னார். கீழே முழுப் பேர், கையெழுத்து. "பதிவு ஆபீசில் கொடு" என்றார், மலாயில்.

தங்கச்சி பிள்ளை பெற்ற படுக்கையில் இருந்தாள். நான்தான் போனேன்.

ஆபீசில் கேட்டார்கள், தகப்பன் பேர் என்ன?

நம் ஆட்களுக்குத் தகப்பன் பேர் என்றால் தகப்பனுடைய சொந்தப் பேர். குடும்பத்துக்கென்று ஒரு பேர் வழிவழியாக வருவது நமக்குக் கிடையாது. கூட ஒரு பேர் இருந்தால் அது ஊர்ப் பேராக இருக்கும். அதனால் நான் துரையின் முதல் பேரைச் சொன்னேன். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் அந்தப் பேர் உண்டு. "அவ்வளவுதானா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான் என்றேன்.

இத்தனை வருஷம் யாராவது கேட்டிருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பேன். நாலாம் வகுப்புப் படித்தவன், வழக்கம் தெரியாமல் செய்த தப்பு என்று. அது பொய். அடுத்து இனம் என்ன என்று கேட்டார்கள். தமிழர் என்றேன். அது தெரியாமல் சொன்னதா?

தாள் என் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கவில்லை. சட்டித் துரை பிள்ளை என்று என் மருமகளை ஊரில் யாரும் சொல்லக் கூடாது. என்னை யாரும் அவள் மாமன் என்று கைகாட்டிச் சிரிக்கக் கூடாது. அவ்வளவுதான் என் புத்தி. வெள்ளைக்காரன் எப்படியும் கப்பலேறிப் போவான், பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் நினைத்தேன். அவர் கப்பலேறவில்லை. பத்து நாளில் அந்தக் காய்ச்சலிலேயே போய்விட்டார்.

தங்கச்சிக்கு எழுத்து தெரியாது. "அவரு எழுதின மாதிரியே பதிஞ்சாங்களா அண்ணே?" என்றாள்.

"பதிஞ்சாங்க."

"அந்தத் தாளு?"

"ஆபீசில வாங்கிக்கிட்டாங்க."

என் தகரப் பெட்டியில், வேட்டிக்கு அடியில் வைத்தேன். ஏன் கிழிக்கவில்லை என்று தெரியாது. கையெழுத்துப் போட்ட ஆள் செத்துப்போனார். கிழிக்கக் கை வரவில்லை.

எட்டு வருஷம் கழித்து அந்த வயசானவர் வந்தார். செத்துப்போன துரைக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா முறை. தன் குடும்பப் பேர் உள்ள ஆட்களை எல்லாம் தேடி எழுதுவதுதான் அவருக்கு வேலை. கல்லறை விவரம் கேட்டு நகராட்சி ஆபீசுக்குப் போயிருக்கிறார். அங்கே நம் சிட்டிக் கிராணி. "கல்லறை மட்டும் இல்லை, அவர் வீட்டு ஆட்களே என் பக்கத்து வீடு" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சிட்டி என்றால் மலாக்காவுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து தங்கிவிட்ட நம் ஆட்கள். கும்பிடுவது நம் சாமி. பேச்சு மலாய். தமிழ் வராது. அதனால் வெள்ளைக்காரர் இங்கிலீஷில் சொன்னதைச் சிட்டி எனக்கு மலாயில் சொல்வார். தங்கச்சிக்கு மலாய் அரைகுறை, நான் அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பேச்சும் என் வழியாகப் போக வேண்டியிருந்தது.

சிட்டி என்னை பாங் என்பார். மலாயில் அண்ணன்.

"பாங், இவங்க பேரைக் கேட்டீங்களா? சட்டி, சிட்டி. விசாரிச்சா எங்க சொந்தக்காரங்களா இருப்பாங்க லா. பொண்ணு கேட்டு வந்திடப் போறாரு."

அதைச் சொன்னதும் தங்கச்சி சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது. நல்ல சேலை கட்டியிருந்தாள். மகளுக்கு ரிப்பன். கோப்பியும் ரொட்டியும் வைத்தாள்.

வயசானவர் நோட்டைப் பிரித்தார். இங்கிலாந்து வடக்கில் மலைச் சரிவில் ஒரு சின்ன இடமாம். காட்டை வெட்டித் திருத்தின நிலத்துக்கு அந்தப் பக்கத்துப் பழைய பேச்சில் ஒரு சொல் உண்டாம். அதுதான் பேரின் பின்பாதி. முன்பாதி வெட்டினவனுடைய பேரா, அவன் மாட்டுக் கொட்டகையா, அவருக்கே நிச்சயமில்லை. அந்த நிலத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பேர். வேறு எங்கும் கிடையாது.

நான் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் கேட்டாள், "அப்ப அவங்களும் காடு வெட்டினவங்கதானா? நம்ம அப்பா மாதிரி?"

எங்கள் அப்பா இந்த நாட்டுக்குக் காடு வெட்ட வந்தவர். சிட்டி அதை இங்கிலீஷில் சொன்னார். வயசானவர் எழுந்து தங்கச்சிக்குக் கை கொடுத்தார். அவள் வெட்கப்பட்டுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் கொடுத்தாள்.

நோட்டில் படங்கள். முதல் படத்தில் புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில், சீனிக்கு எறும்பு மொய்த்த மாதிரி. அடுத்ததில் நூல் ஆலை வந்த ஊர்களுக்கு நகர்ந்திருந்தன. அதற்கடுத்து துறைமுகம். அப்புறம் கடல் தாண்டி. ஆஸ்திரேலியாவில் கொஞ்சம். கனடாவில் கொஞ்சம். மலைச் சரிவில் ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. மலாயாவில் ஒரே ஒரு புள்ளி. பக்கத்தில் சிலுவை.

எண்ணிக்கை எப்படிக் குறைந்தது என்றும் சொன்னார். சண்டையில் செத்தவர்கள். பிள்ளை இல்லாதவர்கள். ஒரு கிளை மட்டும் வேறு மாதிரிப் போனதாம். காது மந்தமான பாதிரியார் ஒருவர் ஞானஸ்நானம் எழுதும்போது பேரைத் தப்பாக எழுதிவிட்டார். அந்தப் பிள்ளையும் அதன் வழியில் வந்தவர்களும் தாங்கள் யார் என்று தெரியாமலே போய்விட்டார்கள்.

"எங்க கிராணிங்க ஜாதி எந்த நாட்டிலயும் ஒண்ணுதான் பாங்" என்றார் சிட்டி.

அதை மட்டும் நான் தங்கச்சிக்குச் சொல்லவில்லை. ரொட்டித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வயசானவர் பிள்ளையைக் கிட்டே கூப்பிட்டார். முகவாயைத் தொட்டு நிமிர்த்திப் பார்த்தார். அவளுக்குச் சாம்பல் நிறக் கண். அவருக்கும் அதே கண். தங்கச்சி பிறப்புப் பத்திரத்தை எடுத்துவந்து இரண்டு கையாலும் கொடுத்தாள். அதில் அந்தப் பேர் இருக்கிறது என்று எட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவள்.

அவர் படித்தார். மறுபடியும் படித்தார். சிட்டியிடம் காட்டினார். சிட்டி சிரிப்பை நிறுத்தினார்.

"பாங், இதில் குடும்பப் பேர் இல்லையே. தமிழர்னு போட்டிருக்கு."

"என்னவாம் அண்ணே?" என்றாள் தங்கச்சி.

"பாதிப் பேருதான் எழுதியிருக்காங்களாம்" என்றேன்.

"அவரு தாளு எழுதிக் கொடுத்தாரே. அது ஆபீசில இருக்குமில்ல? சொல்லு அண்ணே."

வயசானவர் நேராக என்னிடமே கேட்டார், சிட்டி வழியாக. கண் எங்கள் குடும்பக் கண்தான், ஆனால் கண்ணை வைத்து நோட்டில் எழுத முடியாது, அவன் கைப்பட எழுதினது ஏதாவது இந்த வீட்டில் இருக்கிறதா?

தகரப் பெட்டி உள் அறையில் இருந்தது. பத்தடி.

"இல்லை" என்றேன். ஆபீசில் வாங்கிக்கொண்டார்கள் என்றேன்.

மறுநாள் அவரையும் சிட்டியையும் என் டாக்சியிலேயே பதிவு ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே தேடினார்கள். நான் வெளியே மரத்தடியில் காடியில் உட்கார்ந்திருந்தேன். காலையில் போனவர்கள் மத்தியானம் வெளியே வந்தார்கள். சிட்டி சட்டையெல்லாம் தூசி.

"அந்த வருஷத்துக் கட்டு முழுக்கப் பார்த்தாச்சு பாங். இல்லை. எலி தின்னிருக்கும்."

அடுத்த நாளும் தேடினார்கள். நான்தான் காடி ஓட்டினேன். மூன்றாம் நாள் கல்லறைக்குப் போனோம். வயசானவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெயிலில் நின்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தங்கச்சிக்கு முன்னால் பொய்யனாக நிற்பதற்குப் பயந்தேன். இந்தப் பிள்ளையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விடுவாரோ என்றும் பயந்தேன். நல்ல சாக்கு அது. அவர் அப்படி ஒரு வார்த்தை பேசவில்லை.

போகும்போது நோட்டில் மலாக்காப் புள்ளிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். தாள் கிடைத்தால் எழுதுங்கள், பேனாவால் எழுதிவிடுகிறேன் என்றார். விலாசம் கொடுத்தார். அதையும் நான்தான் வாங்கி வைத்தேன். அதே பெட்டியில்.

தங்கச்சி ஒரு வருஷம் போல சிட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கிடைத்ததா, கிடைத்ததா என்று. அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள்.

நான்கைந்து வருஷம் போயிற்று. ஒரு நாள் பார்சல் வந்தது. நோட்டுப் புத்தகம் அச்சுப் புத்தகமாகியிருந்தது. நீல அட்டை. மருமகள் அப்போது இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஆறாவது முடித்திருந்தாள். அவளே பிரித்து மேஜையில் வைத்துப் படித்தாள். தங்கச்சி பக்கத்தில் நின்றாள்.

"பாப்பா, நம்ம பேரு எங்க இருக்கு?"

அவள் பக்கம் புரட்டினாள். மலாயா பக்கம் வந்தது. ஒரு புள்ளி, ஒரு சிலுவை. கேள்விக்குறி இல்லை. அச்சில் அதை எடுத்துவிட்டார்கள்.

"அப்பா பேரு மட்டும்தாம்மா இருக்கு."

"கடைசிப் பக்கம் பாரு."

கடைசிப் பக்கத்தில் அந்தப் பேரோடு உயிருடன் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று மொத்தம் போட்டிருந்தது. அவள் படித்தாள்.

"அதில உன்னையும் சேர்த்துத்தானே?" என்றாள் தங்கச்சி.

பிள்ளை வரிசையாகப் பேர்களை விரல் வைத்து எண்ணினாள். இரண்டு தரம் எண்ணினாள். "இல்லம்மா" என்றாள். அழவில்லை. புத்தகத்தை மூடி அட்டையைத் துடைத்து வைத்தாள். அந்தத் துடைப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

உள்ளே போனேன். பெட்டியைத் திறந்தேன். தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன்.

தங்கச்சிக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்த நீல மை தெரியும்.

"ஆபீசில வாங்கிக்கிட்டாங்கன்னு சொன்னியே அண்ணே."

மருமகள் தாளைப் படித்துவிட்டு, மடிப்புக் கிழியாமல் மறுபடி மடித்து, தன் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஏன் மாமா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள்.

"பயம்" என்றேன்.

அன்றைக்கும் தங்கச்சி எனக்குச் சோறு போட்டாள். அதற்கப்புறமும் போட்டாள். அண்ணே என்று கூப்பிடுவது நின்றது. தட்டை வைத்துவிட்டு, சாப்பாடு இருக்கிறது என்பாள், சுவரைப் பார்த்து.

சிட்டி இங்கிலீஷில் கடிதம் எழுதினார். தாளைப் படம் பிடித்துக் கூட வைத்தோம். நானே போய் அந்த விலாசத்துக்குத் தபாலில் போட்டேன். என்னைப் பற்றி என்ன எழுதினார் என்று கேட்கவில்லை. அவரும் என்னை பாங் என்று கூப்பிட்டு அப்புறம் கேலி பேசவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. வயசானவருடைய மகள் எழுதியிருந்தாள். மருமகள் படித்து எங்களுக்குச் சொன்னாள். அப்பா போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். மலாக்காவில் பார்த்த பிள்ளையைப் பற்றிக் கடைசி வரை பேசிக்கொண்டிருந்தார். இந்தத் தாள் அவர் இருக்கும்போது வந்திருந்தால் மிகவும் சந்தோஷப்பட்டிருப்பார். புத்தகத்தை இனி யாரும் திருத்தி அச்சிடப் போவதில்லை. மொத்தம் இருக்கிறபடியே இருக்கும்.

புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. எண் மட்டும் தெரியும். கடைசிப் பக்கம், கீழே.

அறுபத்தொன்று.