கூரை மேல் பர்கூர் கல்

புயலடிக்கும் ஊருக்குத் தகர ஷெட் விற்பவனுக்கு, காற்றைச் சமாளிப்பதைவிட ஆட்களைச் சமாளிப்பதுதான் முக்கால்வாசி வேலை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருடங்கள், ஓசூரில் ஷெட் செய்து கடலூர்ப் பக்கம் அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் சூப்பர்வைசர். ஷெட் பறக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சைட், கான்ட்ராக்ட் என்று அலைந்தவர்களுக்கு நான் பட்டது புரியும்.

கை வைத்துப் பார்த்தல்

எங்கள் முதலாளி கடலைப் பார்த்தது கல்யாணம் முடிந்து கன்னியாகுமரி போனபோது மட்டும். வெயிலுக்கு நிழல் வேண்டும் என்று கூரையைச் சுவரைத் தாண்டி இரண்டு முழம் நீட்டச் சொன்னார். நீட்டிய இடத்தில் காற்று அடியிலிருந்து பிடித்துத் தூக்கிவிடும், வேண்டாம் என்றேன். அவர் யார்டுக்கு வந்தார், ஷெட்டின் மேல் கை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். அது அசையவில்லை. அதோடு அவருடைய ஆராய்ச்சி முடிந்தது.

"ஓசூர்ல நம்ம ஷெட்டு எத்தினி வருசமா நிக்குது! அங்க மட்டும் காத்து என்ன, கொம்பு மொளச்சா வருது?"

எல்லா வீட்டிலும் இருக்கிற கல்

அடுத்த சனியன் பர்ச்சேஸ் மேனேஜர். ஆனேக்கல்காரர், பாதி கன்னடம், பாதி தமிழ். கூரைக்கு மேலாகக் கம்பிக்கயிறு போட்டு, மண்ணுக்குள் ஆழமாக முறுக்கி இறக்கும் இரும்புக் கம்பிகளில் இழுத்துக் கட்ட வேண்டும் என்று கேட்டேன். கடலூர்ப் பக்கம் எங்கள் மெஷின்களை வைக்கப்போகும் அந்த ஷெட்டிலேயே குடியிருக்கப் போகிறவர் எங்கள் வெல்டர் குமார். மத்தூர்க்காரர். கூடவே மனைவி செல்வி, ஒரு கைக்குழந்தை. அதையும் சொன்னேன். மனுஷன் காதிலேயே வாங்கவில்லை. பர்கூர் குவாரியில் கழித்துப்போட்ட கருங்கல் பலகைகளை லாரியில் ஏற்றிவிட்டார்.

"சும்னிரி சார், சும்மா இருங்க! நம்ம பக்கம் எல்லா ஷீட்டு வீட்டு மேலயும் கல்லுதானே வெச்சிருக்காங்க, எவன் வீடு பறந்துச்சு?"

துணி காயப்போட வசதி

ஒர்க்ஷாப்பில் கிடந்த மிச்ச இரும்பில் நானே கம்பிகள் செய்து, கொண்டுபோய், மணலில் இறக்கிக் கயிறும் கட்டிவிட்டு வந்தேன். அடுத்த முறை போனால் ஒரு பக்கத்துக் கம்பிகளையே காணோம். ஜீப் நிறுத்த இடைஞ்சலாம், சைட் இன்ஜினீயர் பிடுங்கிவிட்டாராம். கயிறு இரண்டு மரத்துக்கு நடுவில் போயிருந்தது. அதில் அவருடைய பனியன்கள் காய்ந்தன. கூரை மேல் கற்கள் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. படித்தவர்தானே என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"புயல் வந்தா ஒரு போன் போடுங்க சார், கட்டிடறோம்."

உத்தரவு

புயல் வந்தது. எச்சரிக்கை கேட்டதுமே இன்ஜினீயருக்குப் போன் போட்டுவிட்டு ஓசூரிலிருந்து கிளம்பினேன். நான் ஷெட்டுக்குப் போய்ச் சேரும்போதே நிற்க முடியாத காற்று, கம்பி இறக்க நேரமில்லை. இன்ஜினீயர் முதல் ஆளாக லாட்ஜுக்குப் போயிருந்தார். கல்லை இறக்கவும் ஏணி நிற்கவில்லை. குமாரைப் பக்கத்துப் பள்ளிக்கூட மாடிக் கட்டடத்துக்குக் கிளம்பச் சொன்னேன். நகர மாட்டேன் என்றார். ஷெட்டில் இருக்கும் மெஷின்களை விட்டு நகரக் கூடாது என்று முதலாளி போனில் சொல்லியிருந்தாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் முதலாளியை என்னென்னவோ திட்டினேன். குமார் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். செல்வி குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

"நீ மெஷினுக்குக் காவலிரு. நான் எம்புள்ளைக்கு இருக்கறேன்."

அவளுக்குப் பின்னால் குமார் ஓடிவந்தார்.

விசாரிப்பு

விடிந்து போய்ப் பார்த்தோம். நீட்டிய கூரையைக் காற்று அடியில் பிடித்து உரித்திருந்தது. தகரம் சவுக்குத் தோப்பில் கிடந்தது. கல் பறக்கவில்லை, நேராக உள்ளே விழுந்திருந்தது. தொட்டில் கட்டியிருந்த சேலை ஒரு பலகைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. செல்வி அதை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. காயின் போனைத் தேடிப் பிடித்து முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தொட்டில் உட்பட. எல்லாம் கேட்டுவிட்டு அவர் விசாரித்தது ஒன்றே ஒன்று.

"கல்லு ஒடையலையில்ல? பத்திரமா எடுத்து வெய்யி, அடுத்த ஷெட்டுக்கு ஆவும்."

புயல் மேல் எனக்கு இன்றுவரை ஒரு கோபமும் கிடையாது, அதுவாவது வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வந்தது.