துப்பாக்கிப் பெட்டித் திறப்பும் மூன்று கேள்விகளும்

சனிக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்குப் பால்மாப் பேணிக்குள் கையை விட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை.

அந்தப் பேணியில் எப்போதும் ஒரேயொரு சாமான்தான் இருக்கும். எங்கள் வீட்டு பேஸ்மென்டில் குடியிருந்த அண்ணையின் துப்பாக்கிப் பெட்டிச் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு. குசினி அலுமாரியின் மேல்தட்டில், அரிசிமாப் பைக்குப் பின்னால், கதிரை போட்டு ஏறினால்தான் எட்டும். பேணியைக் கவிழ்த்துத் தட்டினேன். பழைய பால்மா கொஞ்சம் மூக்கில் கொட்டியது. தும்மிக்கொண்டே திரும்பினால் குசினி வாசலில் அண்ணை. அகலத் தொப்பி, கூர்மூக்குச் சப்பாத்து, தேநீர்த் தட்டளவு கொக்கி வைத்த இடுப்புப்பட்டி. ஐந்தடி மூன்றங்குல யாழ்ப்பாணத்து மனிதர், குதிரையை வெளியே கட்டிவிட்டு உள்ளே வந்தது போல நின்றார்.

"ஆறுதலாப் பாரும் தம்பி," என்றார்.

ஆறுதலாக, அவசரப்படாமல் பார்ப்பது என் பிறவியிலேயே இல்லை. ஊரில் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு படிப்பித்த கணக்கு வாத்தியார் நான். எந்தக் காரியத்திலும் எத்தனை விதமாகப் பிழை வரலாம் என்று எண்ணிப் பார்ப்பது தொழிலாக இருந்து, பிறகு குணமாகவே ஆகிவிட்டது. மொன்றியலுக்கு வந்து சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலையில் மாலை வேலை செய்த அந்த வருடங்களிலும் அது என்னை விடவில்லை. ஒன்பது வயது மகளுக்கு இருமல் என்றால் நான் இரவுச்சாப்பாட்டை விட்டுவிடுவேன்.

அப்படிப்பட்டவனின் வீட்டுக்குக் கீழேதான் ஒரு ரிவால்வர் குடியிருந்தது.

அண்ணை விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் கடைசல் மெசினில் வேலை. சனிக்கிழமைகளில் புரோசார்டுக்கு அப்பால் ஒரு கிளப். இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, நடுவில் விளக்கு எரிந்ததும் இரும்புத் தட்டை யார் முதலில் சுடுவது என்று போட்டி. குண்டு வெறும் மெழுகு. ஆனால் துப்பாக்கி உண்மையானது. விளக்கு எரிந்து அரைச் செக்கனுக்குள் அண்ணையின் மெழுகு தட்டில் அப்பிவிடும் என்று அவருடைய கிளப் நண்பர் ஒருவர், மூக்குச் சிவந்த பெரிய மனிதர், என்னிடம் பிரெஞ்சில் மூன்று முறை சொல்லியிருக்கிறார். நான் நம்பவில்லை. ஏனென்றால் அரைச் செக்கனில் அண்ணை வேறு எதையும் செய்து நான் கண்டதில்லை. ஆளில்லாத தெருவைக் கடக்கவும், மூக்கு உறையும் குளிரில், நடக்கும் மனிதனின் வெள்ளை விளக்கு வரும் வரை நிற்பார். வந்த பிறகும் இரண்டு பக்கமும் பார்ப்பார். பாலத்தில் அவர் கார் ஓடினால் பின்னால் வருகிறவர்கள் முழு மொன்றியலுக்கும் கேட்க ஹோன் அடிப்பார்கள். அவர் கையசைத்து, முந்திப்போகச் சொல்லி வழி விடுவார்.

கொடுப்பதிலும் அவருக்கு நிகர் இல்லை. புதிதாக வந்து இறங்கும் குடும்பங்களுக்கு நாங்கள் எல்லோரும் சட்டி, போர்வை, பழைய கதிரை கொடுப்போம். அண்ணை புகை எச்சரிப்புக் கருவி கொடுப்பார். தானே ஏணி கொண்டுவந்து பூட்டி, பற்றரியும் போட்டு, அழுத்திக் காட்டிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். கலியாணத்துக்கும் அதுதான், குடிபுகுதலுக்கும் அதுதான். அதனால் எங்கள் சுற்றாடலில் எந்தத் தமிழ் வீட்டில் கடுகு தாளித்தாலும் அந்தக் கருவி கத்தும். என் மகளின் குளிர்ச்சட்டை முதுகில் இருட்டில் மினுங்கும் பட்டியை அவர்தான் ஒட்டினார். முன்புறம், இரண்டு கைகள், தொப்பி என்று ஒட்டிக்கொண்டே போய், கடைசியில் பிள்ளை வீதி வேலைக்குப் போகிற ஆள் மாதிரி இருந்தாள்.

திறப்புக் கதையும் அவர் கொண்டுவந்ததுதான். துப்பாக்கி இருக்கும் கூரையின் கீழ் அதன் திறப்பு ஒருபோதும் துப்பாக்கிக்காரனிடம் இருக்கக்கூடாது என்பது அவர் கட்சி. மற்றத் திறப்பு வங்கிப் பெட்டகத்தில் இருந்தது. சனிக்கிழமை அது திறக்காது. அதனால் ஒவ்வொரு சனியும் மேலே வந்து என்னிடம் கேட்பார். நான் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எங்கே போறியள்? குடிச்சனியளோ? மனம் சரியோ? ஒன்றுக்காவது பதில் பிழைத்தால் திறப்புக் கொடுக்கக்கூடாது, அவர் கெஞ்சினாலும் கொடுக்கக்கூடாது. முதலில் எனக்கு இது பகிடியாக, வேடிக்கையாக இருந்தது. ஒரு மாரிக்காலத்தில் ஊரிலிருந்து அவருடைய தம்பியின் கடிதம் வராமல் நின்றுவிட்டது. மூன்றாவது கேள்விக்கு அவர், "இல்லைத் தம்பி, இண்டைக்குச் சரியில்லை," என்றார். நான் பேணியை மூடினேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். அன்று முழுக்க இருவரும் சீட்டு விளையாடினோம். அதற்குப் பிறகு நான் பகிடி பண்ணவில்லை.

இப்போது பேணியில் திறப்பு இல்லை. ஒரு மணிக்கு கிளப்பில் இறுதிப் போட்டி. போட்டி எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் மண்டைக்குள் வேறொன்று ஓடியது. அண்ணையை மாமா என்று கூப்பிடும் மகள் போன கிழமை என்னிடம் கேட்டிருந்தாள், மாமாவின் துப்பாக்கி எவ்வளவு பாரம் என்று.

அன்று விஜயதசமி. மனைவியும் மகளும் எட்டரைக்கே கோயிலுக்குப் போய்விட்டார்கள். மகளின் நடன வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சலங்கையோடு வந்து அங்கே புதிதாகத் தொடங்குகிற நாள். சலங்கைப் பையை மகள் முதுகில் போட்டுக்கொண்டு போனதை யன்னலால் பார்த்தேன். பை வழமையை விடத் தொங்கியதா? தொங்கியது போலத்தான் இருந்தது. யோசிக்க யோசிக்க அது முழங்கால் வரை தொங்கியது.

அண்ணையிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனால் ஓடவில்லை. தொப்பியைக் கழற்றி வாசல் மேசையில் வைத்துவிட்டு, முதலில் பெட்டியைப் பார்ப்போம் என்றார். கீழே போனோம். அலுமாரிக்குள் இரும்புப் பெட்டி, சுவரில் அடித்த வளையத்தோடு சங்கிலியால் கட்டி, பூட்டியபடி இருந்தது. எனக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது. அடுத்த நிமிடமே போனது. எடுத்தவர்கள் திரும்பப் பூட்ட மாட்டார்களா? பூட்டிய பெட்டிக்குள் துப்பாக்கி இருக்கிறதென்று யார் சொன்னது?

பெட்டியைத் தூக்கி ஆட்டிப் பார்க்கலாம் என்றேன். துப்பாக்கிப் பெட்டியை ஆட்டக்கூடாது என்றார். வெடிமருந்து வேறு பெட்டியில் வேறு அறையில் இருக்கிறதே என்றேன். அப்படியென்றாலும் ஆட்டக்கூடாது என்றார். அப்போ தாழ்ப்பாளை உடைப்போம் என்று சுத்தியலை எடுத்தேன். அவர் என் கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டு, சுத்தியலை மெதுவாகக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

கோயிலுக்கு ரெலிபோன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விஜயதசமியன்று கோயிலில் யார் ரெலிபோன் எடுப்பார்கள்? காரில் போகிறேன் என்றேன். இப்படிப் பதறுகிற ஆளைக் கார் ஓட்ட விடமாட்டேன், நான் கொண்டுபோகிறேன் என்றார். அவர் கார் ஓட்டினால் நாங்கள் போய்ச் சேர அடுத்த நவராத்திரி வந்துவிடும். அதோடு அவர்கள் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருக்கலாம். வீட்டிலேயே நின்றோம். அண்ணை கிளப்புக்கு எடுத்து, திறப்புத் தொலைந்தது, இன்று வர முடியாது என்று தன் தொழிற்சாலைப் பிரெஞ்சில் சொன்னார். மறுபக்கத்தில் அந்தப் பெரிய மனிதரின் குரல் அழாக்குறையாகக் கேட்டது. ஒன்றரை வரைக்கும் பார்ப்போம் என்றார்களாம்.

மீண்டும் மேலே வந்து தேடினோம். அரிசி வாளியைக் கவிழ்த்தேன், அரிசிமாப் பையை உதறினேன். மிளகாய்த்தூள் போத்தலைக் கிண்டினேன், தும்மினேன். பூசைத் தட்டுக்கு முன்னால் நின்றேன். முந்தின நாள் சரஸ்வதி பூசைக்கு நான் வேலையில் இருந்தேன். மகளின் புத்தகங்கள், மனைவியின் கத்தரிக்கோல், என் ஸ்குரூ டிரைவர், ஒவ்வொன்றும் ஒரு வெற்றிலையில், ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு. இரண்டு வெற்றிலை வெறுமையாக இருந்தது. ஒன்று சலங்கைக்கு. மற்றதும் சலங்கைக்குத்தான் என்று நினைத்தேன். இரண்டு கால் அல்லவா.

அந்த நேரம்தான் வீடே அலறியது.

மனைவி போகும்போது சொல்லியிருந்தாள், அடுப்பில் கடலை அவிகிறது, தண்ணீர் வற்ற நிறுத்துங்கோ என்று. தண்ணீர் எப்போதோ வற்றி, கடலை கரியாகி, குசினி முழுக்கப் புகை. அண்ணை பூட்டிய கருவி தன் வாழ்நாளில் முதன்முறையாகச் சரியான காரணத்துக்குக் கத்தியது.

அரைச் செக்கன் என்று சொன்னேனே. அன்றுதான் கண்டேன். நான் "ஐயோ" என்று வாயைத் திறந்து மூடுவதற்குள் அடுப்பு நின்றிருந்தது, சட்டியில் மூடி இருந்தது, குசினிக் கதவு சாத்தியிருந்தது, என் சேட்டுக் கொலர் அவர் கையில் இருந்தது. மேல்வீட்டுக் கியூபெக் அம்மாவைக் கதவு தட்டி அழைத்து, அவருடைய பூனையையும் பிடித்து, எல்லோரையும் எதிர்ப்பக்க நடைபாதைக்குக் கொண்டுவந்துவிட்டார். வாசலில் மட்டும் ஒரு கணம் நின்றார். இடுப்பில் வெறும் துப்பாக்கி உறை தொங்கியது. வெறும் உறையானாலும் தெருவில் போடக்கூடாதாம். கழற்றி உள்ளே வைத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார்.

"மூண்டு பேர், ஒரு பூனை," என்று எண்ணினார்.

தீயணைப்பு வண்டிக்கும் அவர்தான் அடித்திருந்தார். அது நான்கு நிமிடத்தில் வந்தது. கோடரியோடு உள்ளே போன வாலிபர்கள் கருகிய கடலைச் சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பிரசாதம் போல வெளியே வந்தார்கள். ஒருவர் அண்ணையின் தொப்பியைப் பார்த்துச் சிரித்து விசாரித்தார். அண்ணை போட்டியைப் பற்றிச் சொன்னார். எத்தனை செக்கன் என்று அவர் கேட்டார். சொன்னதும் அவர் நம்பவில்லை. நான் நம்பினேன். என் கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி இன்னும் இருந்தது. காலில் செருப்பு இல்லை. தலையெல்லாம் அரிசிமா. எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல் வந்தது. மேல்வீட்டு அம்மா பூனையை என் மடியில் வைத்தார், ஆறுதலுக்காக.

அண்ணை என் பக்கத்தில் நடைபாதை விளிம்பில் குந்தினார்.

"தம்பி," என்றார். "பிள்ளையின்ர கை அந்தப் பெட்டியில பட்டிருந்தா, நான் இந்த விளையாட்டை இண்டையோட விடுறன். துப்பாக்கியைக் கிளப்பிட்டயே குடுத்திட்டு வாறன்."

அதைச் சொல்லும்போது அவர் தொப்பி விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார். இருபது வருடம் மெசினுக்கு முன்னால் நின்ற மனிதருக்குக் கிழமையில் ஒரு நாள் இருந்த ஒரே குதூகலம் அது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் என்னால் முடியவில்லை.

பன்னிரண்டு மணி தாண்டி, தெருமுனையில் பஸ் நின்றது. மனைவி இறங்கினாள். பின்னால் உடம்பெல்லாம் மினுங்கும் பட்டியோடு மகள். தீயணைப்பு வண்டியைக் கண்டதும் மனைவி ஓடிவந்தாள். நான் பூனையோடு எழுந்து, பூனையைக் கீழே விட்டு, மகளின் முதுகுப்பையைப் பிடுங்கித் தெருவிலேயே கொட்டினேன். சலங்கை மட்டும் கலகலத்து விழுந்தது. பிறகு திறப்பு எங்கே என்று கத்தினேன். தீயணைப்பு வாலிபர்கள்கூட ஒரு அடி பின்னால் வைத்தார்கள்.

மனைவிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் கை வைத்தாள். பூசைக்கு வீட்டில் உழைக்கிற ஒவ்வொருவரின் ஆயுதமும் இருக்க வேண்டும் என்று எடுத்து வைத்தாளாம். அண்ணையும் இந்த வீட்டு ஆள்தானே, அவருடையது மட்டும் எப்படி இல்லாமல் போகலாம்? துப்பாக்கியைச் சாமிக்கு முன் வைக்க முடியாது. ஆகவே அதன் திறப்பை வெற்றிலையில் வைத்துப் பொட்டுப் போட்டிருக்கிறாள். காலையில் அவசரத்தில் பேணிக்குள் திருப்பி வைக்க மறந்துபோனாள்.

அப்படியென்றால் இப்போது எங்கே?

மகள் குளிர்ச்சட்டையின் கழுத்தைத் திறந்தாள். உள்ளே சிவப்புப் பூசைநூலில் கட்டி, சந்தனமும் குங்குமமும் அப்பிய திறப்பு தொங்கியது. வெளிக்கிடும்போது அது தட்டில் சும்மா கிடந்ததைக் கண்டாளாம். திறப்பு ஆளில்லாமல் கிடக்கக்கூடாது என்று மாமா சொல்லியிருக்கிறாரே என்று கழுத்தில் போட்டுக்கொண்டாளாம். ஆடும்போதும் கழற்றவில்லை. கீழே பெட்டியடிக்குப் போனதே இல்லை என்று தாயும் சத்தியம் பண்ணினாள்.

நான் கையை நீட்டினேன். மகள் திறப்பை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, என்னைத் தாண்டி அண்ணைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மாமா, எங்க போறியள்?"

அண்ணை எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். "கிளப்புக்கு, பிள்ளை."

"குடிச்சனியளோ?"

"தேத்தண்ணி மட்டும்."

"மனம் சரியோ?"

அவர் திறப்பிலிருந்த பொட்டைப் பார்த்தார். கண்ணைத் துடைத்தார். புகைதான் காரணம் என்று பிறகு சொன்னார்.

"இப்பத்தான் சரியாச்சு," என்றார்.

அவள் நூலைக் கழற்றித் திறப்பை அவர் கையில் வைத்தாள். பிறகு திரும்பி என் வெறுங்காலையும், கண்ணாடியையும், தலையிலிருந்த அரிசிமாவையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"பிறகு திறப்பைத் திருப்பிக் கொண்டந்தா அம்மாட்டக் குடுங்கோ மாமா," என்றாள். "அப்பான்ர மனம் சரியில்லை."