ஆள் போன பின்னும் எரியும் விளக்குகள்

"...அதனாலதான் சொல்றேன், என் கதையில ஒரு மனுஷன்கூட மிஞ்சக் கூடாது" என்றார் ஸ்டெல்லா டீச்சர். அத்திபெலேயில் பஸ் ஏறியதிலிருந்து இதே பேச்சு. பிறந்தது பெங்களூர் பிரேசர் டவுன். இப்போது அத்திபெலே பள்ளியில் கணக்கு எடுக்கிறார். மனிதர்கள் இல்லாமல் போன பெங்களூரைப் பற்றிப் பல வருடமாக ஒரு நாவல் எழுதுகிறார். கடைசி அத்தியாயம் மட்டும் வரவில்லை. இன்றும் வராவிட்டால் எல்லாவற்றையும் கட்டிப் பரணில் போட்டுவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். துணைக்கு நான்.

எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சனிக்கிழமை என்பதால் நெரிசலில்லை, பத்தரைக்கெல்லாம் இறங்கிவிட்டோம்.

டீச்சர் பார்க்க வந்தது, கம்பெனி காலி செய்துவிட்டுப் போன நாலு மாடிக் கட்டிடத்தை. டீச்சரின் தம்பி சேவியர்தான் அங்கே எலெக்ட்ரீஷியன். ஆளில்லாவிட்டாலும் கரண்டை நிறுத்துவதில்லையாம். நிறுத்தினால் லிப்ட்டும் ஏசியும் பாழாகிவிடும். "வீட்டுக்காரங்க ஊருக்குப் போனாலும் ஃப்ரிட்ஜ் சும்னே ஓடிட்டிருக்குமில்ல சார், அந்த மாதிரி" என்றார், சும்மாவுக்குக் கன்னடத்து 'சும்னே'யைப் போட்டு. இப்படி ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. படிக்கட்டு ஜன்னலை உடைத்துக்கொண்டு ஆலம் வேர் உள்ளே இறங்கியிருந்தது. இரண்டாம் மாடி நடைவழிக்கு ஜன்னலே கிடையாது. அசைவைக் கண்டு எரிகிற விளக்குகள். நாங்கள் நடக்க நடக்க முன்னே எரிந்தன, பின்னே அணைந்தன.

நடுவழியில் டீச்சர் தரையில் உட்கார்ந்து எங்களையும் உட்காரச் சொன்னார். அசையக் கூடாதாம். நாம் இல்லாவிட்டால் இந்த இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம்.

"மூச்சு விடலாமாக்கா, இல்ல அதுக்கும் மார்க் கொறைப்பியா?" என்றார் சேவியர்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் தலைக்கு மேலிருந்த விளக்கும் அணைந்தது. எங்கோ ஏசி முனகிக்கொண்டிருந்தது. பயமாக இல்லை, தூக்கம் வருவதற்கு முந்தைய சுகம் போலிருந்தது.

அப்போது நடைவழியின் கடைக்கோடியில் ஒரு விளக்கு எரிந்தது. பிறகு அடுத்தது. வெளிச்சம் ஒவ்வொன்றாக எங்களை நோக்கி நடந்து வந்தது. அதனடியில் ஒரு கீரி, சுற்றிப் பார்க்க வந்த மேனேஜரைப் போல நிதானமாக. சில அடி தள்ளி நின்றது, மோப்பம் பிடித்தது, சுருண்டு படுத்துக்கொண்டது.

"கெடச்சுருச்சு" என்று டீச்சர் என் காதருகே கிசுகிசுத்தார். "இதான் என் கடைசிப் பக்கம். நாம யாருமே தேவையில்ல."

கீரி அசையவில்லை. அதன் மேலிருந்த விளக்கும் அணைந்தது. ஒன்றுமே தெரியாத இருட்டு. டீச்சரும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது; டீச்சர் கையைத் தூக்கி அதற்கு ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.