குப்புறக் கிடக்க வேண்டியவருக்கு ஒரு கடிதம்

1. காஸ்

கண்ணின் மக்கியூலாவில் விழும் ஓட்டையை மூடும் சத்திரசிகிச்சையில் வைத்தியரின் பங்கு ஒரு மணித்தியாலம். மிச்சமெல்லாம் நோயாளியின் கழுத்து. இதை நான் இளம் வைத்தியர்களுக்குப் பல வருடங்கள் சொல்லியிருக்கிறேன். அவர்களும் சிரித்துவிட்டுக் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். ஒரு கழுத்தைப் பற்றி மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை.

யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கான தரைவழிப் பாதை மறுபடி மூடப்பட்டிருந்த காலம். நான் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் விழித்திரைச் சத்திரசிகிச்சை நிபுணர். யோகராணி யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை சிவமலரோடு விமானத்தில் வந்திருந்தார். நாற்பத்தெட்டு வயது. வீட்டுப் பிளான் கீறுவது அவருடைய தொழில். இடது கண் பிறவியிலேயே பலமில்லாதது. இத்தனை வருட வேலையையும் வலது கண்தான் செய்தது. ஓட்டை அந்தக் கண்ணில்.

"சுவருக்குக் கோடு இழுத்தா நடுவில நெளியுது, டொக்டர். ஸ்கேல் வைச்சுத்தான் இழுக்கிறன். கோட்டில பிழையில்லை, அது எனக்குத் தெரியும்" என்றார்.

என் மாணவர்கள் பலரைவிட நன்றாக நோயை விவரித்தார். பார்வையின் நடுப்புள்ளிதான் மக்கியூலா. ஓட்டை பெரியது, ஆனால் மூட முயலக்கூடியது.

செய்முறை இதுதான். வெள்ளை விழியில் மூன்று சிறு துளைகள் போட்டு, உள்ளே இருக்கும் விட்ரியஸ் என்ற ஜெலியை வெட்டி உறிஞ்சி எடுக்கிறோம். விழித்திரையின் மேல் ஐ.எல்.எம். என்றொரு சவ்வு ஒட்டியிருக்கும். கண்ணாடியைப் போல இருப்பதால் அதற்குச் சாயம் ஏற்றி, நுண்ணிய ஃபோர்செப்ஸால் ஓட்டையைச் சுற்றி வட்டமாக உரிக்கிறோம். கை நடுங்கினால் விழித்திரையும் சேர்ந்து வரும். கடைசியில் கண்ணுக்குள் காஸ், அதாவது ஒரு வாயு, நிரப்புகிறோம். காஸ் மிதக்கும். அது பின்சுவரிலுள்ள ஓட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டுமென்றால், நோயாளி நிலத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். படுப்பது, சாப்பிடுவது, கதைப்பது எல்லாம் குனிந்தபடிதான், ஒரு கிழமைக்கு, ஏழு நாளும். காஸ் முற்றாகக் கரையும்வரை விமானமும் ஏறக்கூடாது. உயரத்தில் காஸ் விரிந்தால் கண்ணே போய்விடும்.

ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இரண்டு பெண்களை வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இரண்டு மாதம் கட்டிப்போட்டது நான் ஏற்றிய காஸ். வடக்கிலிருந்து வந்தவர்கள் ஏன் கொழும்பில் நிற்கிறார்கள் என்று பொலிஸுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்த நாட்கள் அவை. லொட்ஜுகளைச் சோதிக்க வந்தால் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார்கள். இது தெரியாத தமிழர் கொழும்பில் இல்லை. எனக்கும் தெரியும்.

2. மூன்று வேலைநாள்

சத்திரசிகிச்சை நன்றாக நடந்தது. ஐ.எல்.எம். ஒரே துண்டாக வந்தது. மறுநாள், வெள்ளிக்கிழமை, லொட்ஜுக்குத் திரும்ப அனுமதித்தேன். யோகராணி கதிரையில் அமர்ந்து, கட்டில் விளிம்பில் தலையணை வைத்து நெற்றியைச் சாய்த்திருந்தார். துளிமருந்துகளை விளக்கி முடித்ததும் சிவமலர் கேட்டார்.

"டொக்டர், பொலிஸ் வந்தா காட்டுறதுக்கு ஒரு கடிதம் தந்தீங்களெண்டா நல்லம். அக்காவால தலை நிமிர்த்தேலாதெண்டு ரெண்டு வரி. சிங்களத்தில."

"மெடிக்கல் ரெக்கோர்ட்ஸில ஃபோம் இருக்கு. நிரப்பிக் குடுங்கோ. மூண்டு வேலைநாளில தருவினம்."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை, டொக்டர்."

"ஓம். புதன்கிழமை கிடைக்கும்."

யோகராணி தலையணைக்குள்ளிருந்தே, "விடு பிள்ளை, டொக்டருக்கு எத்தினை வேலை" என்றார்.

அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். அது காப்புறுதிக்கும் லீவுக்கும் கேட்கப்படும் சான்றிதழ்களுக்காக எழுதப்பட்டது. இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட எந்த விதியும் தடையாக இருக்கவில்லை. என் பெயர் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவரை, அவர் முன்பு எழுதிக் கொடுத்த கடிதமொன்றைக் காட்டி இரண்டு நாள் விசாரித்திருந்தார்கள். எனக்கோ கார்க் கண்ணாடியில் வைத்தியர் ஸ்டிக்கர் இருந்தது, சோதனைச் சாவடிகளில் கையசைத்து அனுப்பினார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை.

அறைக்கு வெளியே வந்ததும் வார்ட் சிஸ்டர் என் பின்னால் வந்தார். களுத்துறைப் பக்கத்துச் சிங்களப் பெண், என்னைவிட வயதில் மூத்தவர். "லியுமக் தெமு நேத, சேர்?" என்றார். ஒரு கடிதம் கொடுப்போமே என்று. தானே எழுதுவதாகவும், நான் விரும்பாவிட்டால் தானே கையொப்பமிடுவதாகவும் சொன்னார். நோயறிதல் பற்றித் தாதியர் கடிதம் கொடுக்க முடியாது என்று அவருக்கு விதியை ஞாபகப்படுத்தினேன். இந்த விதி உண்மையானது. பிரிவு இலக்கத்தையும் சொன்னேன்.

3. நொன்-கம்ப்ளையன்ட்

இரண்டாம் மாதம் எடுத்த, விழித்திரையைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓ.சி.டி. படத்தில் ஓட்டை அப்படியே திறந்திருந்தது. பக்கத்தில் என் இளம் வைத்தியர் நின்றார். படத்திலிருந்து பார்வையை எடுக்காமலே, நோயாளியைக் கேட்கும் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"குப்புறப் படுத்தனீங்களோ?"

சிவமலர்தான் நடந்ததைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை லொட்ஜுக்கு வந்து எல்லோரையும் ஏற்றியிருக்கிறார்கள். பொலிஸ் நிலையத்தில் பொழுதுபடும்வரை வரிசை. சத்திரசிகிச்சை என்று சிவமலர் அரைகுறைச் சிங்களத்தில் சொல்லி, துளிமருந்துப் போத்தலைக் காட்டியிருக்கிறார். கடிதம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அதன் பிறகு ஐந்து நாளும் காலையில் போய் வரிசையில் நின்று ஒப்பமிட வேண்டும். புதன்கிழமை வைத்தியசாலைக்கு வந்து கடிதத்தை வாங்கலாமென்றால், ரெக்கோர்ட்ஸ் மூடும்வரை வரிசையில்தான் நின்றிருக்கிறார்கள்.

யோகராணி இடையில் ஒரு முறைதான் பேசினார்.

"நான் குனிஞ்சுதான் நிண்டனான், டொக்டர். முகத்தை மறைக்கிறன் எண்டு நினைச்சுப்போட்டினம். நாடியில கை வைச்சு நிமிர்த்திவிட்டவை. அதுக்குப் பிறகு குனியப் பயமாக் கிடந்தது."

நான் குறிப்பேட்டில் எழுதினேன். பொஸ்ச்சரிங்: நொன்-கம்ப்ளையன்ட். குனிந்திருக்கச் சொன்ன அறிவுறுத்தலை நோயாளி கடைப்பிடிக்கவில்லை என்பதற்கு எங்கள் தொழிலில் உள்ள சொல். இளம் வைத்தியர் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பேனையை மூடினேன்.

இரண்டாம் முறையும் செய்து பார்க்கலாம் என்று யோகராணியிடம் சொன்னேன். துளிமருந்து எத்தனை தரம் என்று விசாரிக்கும் அதே குரலில், "அப்ப கடிதம் தருவீங்களோ?" என்று கேட்டார்.

"தாறன்" என்று சொல்ல ஒரு விநாடி போதும். நான் எடுத்துக்கொண்டது அதைவிடக் கூட. சொல்லத்தான் சொன்னேன். ஆனால் அந்த இடைவெளியை அவர் கேட்டுவிட்டார். எழுந்து, தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு, "காஸ் கரைஞ்சிட்டுதுதானே, இனிப் பிளேனில போகலாமோ?" என்றார். போகலாம் என்றேன். பிறகு அவர் வரவில்லை. மறுபடி பிளான் கீறினாரா என்று யாரிடமும் நான் விசாரிக்கவில்லை.

அடுத்த வருடம் என் சத்திரசிகிச்சை முடிவுகளைச் சக வைத்தியர்கள் முன் வாசித்தேன். நொன்-கம்ப்ளையன்ட் நோயாளிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது நானே வைத்த நிபந்தனை. முடிவுகள் அழகாக இருந்தன. கை தட்டினார்கள்.

4. திருத்தும் முறை

பின்னர் குப்புறக் கிடக்கும் நோயாளிகள் எல்லோருக்கும் மும்மொழியில் ஒரு கடிதத்தை வழக்கமாக்கினேன். அடியில் என் பெயர், கையொப்பம், தொலைபேசி இலக்கம். நோயாளிகள்மேல் எனக்கு எவ்வளவு அக்கறை என்று இளையவர்கள் பாராட்டினார்கள். மறுக்கவில்லை.

இப்போது சிறிய ஓட்டைகளுக்கு அத்தனை நாள் குனிந்திருக்கத் தேவையில்லை என்கிறார்கள். யோகராணியின் ஓட்டை பெரியது. ஒரு கிழமை ஒழுங்காகக் கிடந்திருந்தாலும் அது மூடாமலே போயிருக்கலாம். இந்த வாதத்தை எனக்கு நானே பல முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். கண்ணைப் பற்றி அது சரி. முகத்தை நிமிர்த்த அவருடைய நாடியில் வைத்த கையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

இளம் வைத்தியர்களுக்கு ஒன்று. நொன்-கம்ப்ளையன்ட் என்ற அந்தச் சொல்லை எழுதுமுன், நோயாளி கேட்டு நீங்கள் கொடுக்காதது என்ன என்பதை அதே பக்கத்தில் முதலில் எழுதுங்கள். பிறகும் எழுத மனம் வந்தால் எழுதுங்கள்.

ஓய்வு பெறுவதற்கு முந்திய கிழமை யோகராணியின் மருத்துவக் கோப்பை வரவழைத்தேன். பதிவைத் திருத்த முறை உண்டு: பிழையான வரியின்மேல் ஒரே ஒரு கோடு, வாசிக்கக்கூடியதாக; பக்கத்தில் சரியான காரணம்; கீழே திகதியும் முழுப் பெயரும். பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காரணத்துக்கான வசனத்தை யோசித்தேன். ரெக்கோர்ட்ஸிலிருந்து ஆள் வந்து கோப்பு முடிந்துவிட்டதா என்று கேட்டபோது, முடிந்துவிட்டது என்று, கோடு இழுக்காமலே கொடுத்தனுப்பினேன்.