இத்தா முடிந்து கடலுக்குப் போன ராத்தா

ரமீசா ராத்தா மவுத்தான செய்தி வந்தபோது நான் படகிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகன் நிசாம்தான் எனக்குப் போன் எடுத்தான். "மாமா, உம்மா ஸுபஹு தொழுதிட்டுப் படுத்தா. எழும்பல்ல" என்றான். இன்னாலில்லாஹி சொல்லிக்கொண்டு அந்த ஈரத்தோடேயே நடந்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது. கற்பிட்டியில் என் மூத்த சகோதரியை அறிந்த உங்களுக்காக இதைச் சொல்லி எழுதுவித்தேன்.

ராத்தாவின் கணவரான என் மச்சான் மவுத்தாகி, ராத்தா நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்த இத்தா முடிந்த அன்று, பார்க்க வந்த பெண்களெல்லாம், "இனி தஸ்பீஹு மணியும் கையுமா மகன் வீட்டில இருக்கலாம்" என்று ஆறுதல் சொன்னார்கள். அப்போது அவருக்கு அறுபத்தைந்து தாண்டியிருந்தது. எனக்குத் தேத்தண்ணி தந்துகொண்டே கேட்டார்: "தம்பி, உன்ட போட்டுல இடம் இருக்கா? கொழும்புல இருந்து வந்து டொல்பின் பார்த்திட்டுப் போறாங்க. இங்க பொறந்த நான் பார்க்கல்ல."

பெண் ஏறினால் மீன் படாது என்பது எங்கள் கரையின் பேச்சு. அதைச் சொன்னேன். "ஆம்புள மட்டும் போன நாளெல்லாம் போட்டு நெறஞ்சா வந்திச்சு?" என்றார்.

முதல் பயணம் முழுக்க வாந்தி. டொல்பினின் வாலைக்கூடக் காணவில்லை. கைத்தாங்கலாக இறக்கிவிட்டேன். இத்தோடு ஆசை தீர்ந்தது என்று நினைத்தேன். மணலில் குந்தியிருந்து முகத்தைத் துடைத்துவிட்டு, "நாளைக்கு எத்தன மணிக்கு?" என்றார்.

புத்தளத்திலிருந்து நிசாம் பாய்ந்து வந்தான். "மாமா, உம்மாவுக்கு ஏதும் நடந்தா நீங்கதான் பதில் சொல்லோணும். இனி ஏத்த வேணாம்." எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ராத்தாவுக்குப் படவில்லை.

"உன்னப் பெத்த நேரம் மவுத்துக்குப் பக்கத்துல போய் வந்தன். அப்ப யாருடா பதில் சொல்ல இருந்தது?"

நிசாம் தலையைச் சொறிந்தான். "உங்களுக்கு நீந்தத் தெரியாதே உம்மா."

"ஓம், அது சரியான கதை" என்று ராத்தா ஒத்துக்கொண்டார்.

மறுநாளே அலையில்லாத களப்புத் தண்ணீரில் இறங்கிவிட்டார். இடுப்பளவுத் தண்ணீரில், உடுத்த உடுப்போடு, வெறும் எண்ணெய்க் கேனைக் கட்டிப்பிடித்துக் கால் அடித்தார். கரையில் நின்ற பெண்கள், "என்ன ராத்தா, இந்த வயசில?" என்று சிரித்தார்கள். "முந்தி வயசு இருந்திச்சு, நேரம் இருக்கல்ல. இப்ப நேரம் இருக்கு. எறங்குங்க, தண்ணி சூடாத்தான் இருக்கு" என்றார். நோன்பு வருமுன் சிரித்தவர்களில் சிலர் அவரோடு மிதந்தார்கள். நிசாம் ஒருநாள் வந்து நின்று பார்த்தான். மிதப்புச் சட்டை ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

கடல் தணிந்த ஒரு காலையில் படகின் இருபுறமும் டொல்பின்கள் துள்ளின. ராத்தா விளிம்பைப் பிடித்தபடியே எட்டிப் பார்த்து, "நான் குசினியில அடுப்போட நின்ற காலமெல்லாம் இதுகள் இங்க துள்ளிட்டுத்தான் இருந்திருக்கு, என்ன?" என்றார். அதன்பின் ஒவ்வொரு பருவமும் வந்தார். பத்தலங்குண்டுத் தீவிலும் இறங்கி நடந்தார்.

ஜனாஸா அடக்கிய அன்று வீட்டில், அவருக்குப் பயமே கிடையாது என்று பேசிக்கொண்டார்கள். அது சரியில்லை. பக்கத்தில் இருந்தவன் நான். படகின் விளிம்பைப் பிடித்த அவருடைய விரல்கள் கடைசிப் பயணம்வரை தளரவே இல்லை. பயந்துகொண்டேதான் வந்தார்.

கடலைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. மலைநாட்டைக் கண்டதில்லை. அந்த உயரத்துப் பாலங்களில் ரயில் போகும் கதையைக் கேட்டாலே பயந்து எழும்பிப் போய்விடுவேன். பெருநாள் கழித்து மலைநாட்டுக்கு ஏறும் பதுளை ரயிலில் போவதற்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். பயம் அப்படியே இருக்கிறது. அதையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்பதுதான் ராத்தாவிடம் நான் எடுத்து வைத்துக்கொண்டது.